உப்புக் காற்றுக்குத் தாங்கும் நடைபாதை

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



வரவு செலவைப் பற்றிப் பொருளாளர் அக்கா பேசிட்டாங்க. கடன் வசூல் பற்றியும் பேசியாச்சு. எனக்குக் கொடுத்த தலைப்பு நம்ம கருவாட்டுக் கூடத்துக்கு முன்னால போட்ட சிமெண்ட் நடைபாதை. ஒரு நடைபாதைக்குப் போயி ஒரு பேச்சா என்று நினைப்பீங்க. வேலையைப் பார்க்கப் போட்ட குழுவில் என்னையும் சேர்த்திருந்தீங்க. கலவை போட்ட நாளில் இருந்து சாக்கை எடுத்த நாள் வரைக்கும் நான் கூடவே நின்றேன். அங்கே கண்ணால் பார்த்ததையும், ஓவர்சீயர் சார் சொல்லிக் கொடுத்ததையும் உங்க கிட்ட சொல்லணும். ஏன்னா அடுத்து நம்ம கடைகளுக்கு முன்னால பாதை போடுற பேச்சு வந்திருக்கு. அது நம்ம சேமிப்புப் பணம். இரண்டு தடவை செலவு பண்ண நம்மிடம் இல்லை.

பழைய பாதை எப்படி இருந்துச்சு என்று எல்லாருக்கும் தெரியும். கூடம் கட்டும்போது காலையில் ஆரம்பித்து சாயங்காலமே முடித்துப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனாங்க. பார்க்கப் பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. நாமும் சந்தோஷப்பட்டோம். முதல் ஐப்பசி மழையில் கீறல் விட்டது. இரண்டாவது வருஷம் பாளம் பாளமாகப் பிளந்து ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிப் போச்சு. பள்ளத்தில் ஐஸ் தண்ணியும் மீன் கழுவின தண்ணியும் தேங்கிப் பாசி பிடித்தது. தள்ளுவண்டிச் சக்கரம் இறங்கினால் இரண்டு பேர் சேர்ந்து தூக்கணும்.

அந்தப் பாசியில்தான் தலைச்சுமையோடு வந்த நம்ம அக்கா ஒருத்தர் வழுக்கி விழுந்தாங்க. மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. மூன்று மாசம் வேலைக்கு வர முடியலை. அவங்க குழுக்காரங்கதான் இரண்டு தவணையைச் சேர்ந்து கட்டினாங்க. பாதை மட்டமாகப் போட்டதற்கு யார் விலை கொடுத்தது என்று பாருங்க. போட்டவங்களுக்கு ஒண்ணும் இல்லை. நடந்தவங்களுக்குத்தான்.

அதை உடைத்து எடுக்கும்போது நான் கிட்ட நின்று பார்த்தேன். கனம் இரண்டு இஞ்ச்தான் இருந்தது. அடியில் திமிசு போடாத கடற்கரை மணல். உடைந்த துண்டுக்குள்ளே சின்னச் சின்னச் சிப்பி. அப்படியென்றால் கலவையிலேயே கடல் மணல். நடுவில் மெல்லிய கம்பி போட்டிருந்தாங்க. அது கம்பியாகவே இல்லை. அடை அடையாக உப்பி, கையில் எடுத்தால் உதிர்ந்தது.

கம்பி போட்டால் பலம் என்றுதானே நாம நினைக்கிறோம். அது எப்படிப் பாதையை உடைத்தது என்று ஓவர்சீயர் சாரிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொல்றேன். இரும்பு துருப்பிடித்தால், அந்தத் துரு பழைய இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே இடம் பிடிக்கும். உள்ளே இடம் ஏது? அதனால் கான்கிரீட்டை நெம்பிப் பிளந்து வெளியே வரும். கடல் தண்ணி ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கு. அந்த உப்பு கலவை வழியாகவோ, கீறல் வழியாகவோ, காற்று வழியாகவோ கம்பியைத் தொட்டுவிட்டால் துரு வேகமாகப் பிடிக்கும்.

நம்ம ஊர் உப்புக் காற்றைப் பற்றி நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. வாசல் கதவு கொண்டி, ஜன்னல் கம்பி, சைக்கிள், கேஸ் அடுப்பு எதுவும் இங்கே மற்ற ஊர் மாதிரி உழைக்காது. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், துருப்பிடிப்பதைச் சோதித்துப் பார்க்க ஒரு நிலையத்தைப் பக்கத்தில் மண்டபத்தில்தான் வைத்தது. சோதனைக்கே நம்ம காற்றைத் தேடி வந்திருக்காங்க. நம்ம பழைய ரயில் பாலம் 1914-இல் திறந்தது. 1964 டிசம்பர் புயலில் அடிபட்டு, மறுபடி நிமிர்ந்து ஓடினது. கடைசியில் இரும்பு அரித்துப் போனதால்தான் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினாங்க. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும், துருவைத் தடுக்கும் விசேஷப் பெயிண்டும் பயன்படுத்தியிருக்காங்க. பாலம் கட்டுகிறவங்க அவ்வளவு யோசிக்கும்போது, நாம நடைபாதைக்குக் கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா?

தனுஷ்கோடிக்குப் போனவங்க அந்த இடிந்த சர்ச்சைப் பார்த்திருப்பீங்க. கூரை இல்லை. சுவர் இன்னும் நிற்குது. பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினது. இத்தாலி தேசத்திலும் 2000 வருஷத்துக்கு முந்தி ரோமாபுரிக்காரங்க எரிமலைச் சாம்பலையும் சுண்ணாம்பையும் கலந்து கடலுக்குள்ளேயே துறைமுகம் கட்டினாங்களாம். அதில் சில இன்னும் நிற்குது என்று ஓவர்சீயர் சார் சொன்னார். இரண்டிலும் உள்ளே துருப்பிடிக்கக் கம்பி கிடையாது. பவளக்கல்லை இப்போது யாரும் எடுக்கக் கூடாது, அது சட்டப்படி குற்றம். ஆனால் கம்பி இல்லாமலே உறுதியாகப் போடலாம் என்கிற பாடத்தை எடுத்துக்கலாம். ஆள் நடக்கிற பாதைக்கு, அடி மண் கெட்டியாக இருந்து கனமும் சரியாக இருந்தால், கம்பியே வேண்டியதில்லை. நாங்க கம்பி போடலை.

கம்பி போட்டே ஆகணும் என்று யாராவது சொன்னால் ஒரு கணக்குக் கேளுங்க. கான்கிரீட்டுக்கு என்று அரசாங்கத் தர நிர்ணயப் புத்தகம் ஒன்று இருக்கு. ஐ.எஸ். 456 என்று பெயர். கடலோரத்தில் கம்பிக்கு மேலே 45 மில்லிமீட்டராவது கான்கிரீட் மூடியிருக்கணும், கடல் சாரல் படுகிற இடத்தில் 50 மில்லிமீட்டர் என்று அதில் போட்டிருக்கு. 50 மில்லிமீட்டர் என்றால் 2 இஞ்ச். மேலே 2 இஞ்ச், கீழே 2 இஞ்ச் விட்டால் 4 இஞ்ச் பாதையில் கம்பிக்கு எங்கே இடம்? பழைய பாதையின் மொத்தக் கனமே 2 இஞ்ச்.

இனிமேல் நாங்க போட்ட விதத்தைச் சொல்றேன். குழுவில் எழுதப் படிக்கத் தெரிந்தவங்க குறித்துக்கொள்ளுங்க.

முதலில் அளவு. நீளம் 60 அடி, அகலம் 6 அடி. 6 அடி ஏன் என்றால், நடைபாதையில் தடங்கல் இல்லாமல் நடக்க 1.8 மீட்டராவது வேணும் என்று சாலைக்கான விதியில் இருக்கு. அது ஏறக்குறைய 6 அடி. தலைச்சுமையோடு ஒருத்தர் வர, தள்ளுவண்டி எதிரே போக, அந்த அகலம் இருந்தால்தான் சரியாக இருக்கும். தூணோ, படியோ, விளம்பரப் பலகையோ அந்த 6 அடிக்குள்ளே வரக் கூடாது.

கனம் 4 இஞ்ச். ஆனால் மேற்குப் பக்கம் குட்டியானை வண்டி ஏறித் திரும்புகிற 12 அடி நீளத்துக்கு மட்டும் 6 இஞ்ச். கடைத்தெருவிலும் ஐஸ் கம்பெனி வாசலிலும் பாதை உடைவது எப்போதும் வண்டி ஏறுகிற இடத்தில்தான். பாதை முழுக்க 6 இஞ்ச் போட்டால் காசு வீண். வண்டி ஏறும் இடத்திலும் 4 இஞ்ச் போட்டால் பாதை வீண்.

அடுத்தது அடித்தளம். இங்கேதான் பாதி வேலை இருக்கு, ஆனால் முடிந்த பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது. அதனால்தான் ஏமாற்றுவதும் இங்கேதான். லூசான மணலை வாரி எடுத்தோம். தண்ணி தெளித்துத் திமிசு போட்டோம். அதற்கு மேலே 4 இஞ்ச் கிராவல் பரப்பி, நனைத்து, மறுபடி திமிசு. குதிகாலை ஊன்றி அழுத்தினால் பதியக் கூடாது, அதுதான் எங்க பரீட்சை. நம்ம ஊரில் இன்னொரு தொந்தரவு உண்டு. மழைத் தண்ணி ஓடும்போது பாதை ஓரத்து மணலை அரித்து உள்ளே பொந்து ஆக்கிடும். அப்புறம் வெறும் பொந்துக்கு மேலே பாதை நிற்கும். கால் வைத்தால் உடையும். அதனால் இரண்டு ஓரத்திலும் கல் ஆழமாகப் புதைத்து அணை கட்டினோம். கிராவலுக்கு மேலே பிளாஸ்டிக் தாள் விரித்தோம். அடியில் இருக்கும் உப்புத் தண்ணி மேலே ஏறாது, கலவைத் தண்ணியும் மண்ணுக்குள் இறங்காது.

வாட்டம் ரொம்ப முக்கியம். ஒரு அடிக்குக் கால் இஞ்ச் வீதம், 6 அடிக்கு ஒன்றரை இஞ்ச் சரிவு, சுவரில் இருந்து தெருப் பக்கம். டியூபில் தண்ணி நிரப்பி மட்டம் பார்த்துக் கயிறு கட்டினோம். கூடத்துச் சுவருக்கும் பாதைக்கும் நடுவே அரை இஞ்ச் தெர்மாகோல் வைத்தோம். வெயிலில் கான்கிரீட் விரியும், ராத்திரி சுருங்கும். இடம் விடாவிட்டால் சுவரை முட்டும்.

இப்போ கலவை. சிமெண்ட் ஒன்று, எம்.சாண்ட் ஒன்றரை, முக்கால் ஜல்லி மூன்று. அதாவது ஒரு மூட்டை சிமெண்டுக்கு 35 லிட்டர் பெட்டியில் எம்.சாண்ட் ஒன்றரைப் பெட்டி, ஜல்லி மூன்று பெட்டி. எங்க பாதைக்கு மொத்தம் 30 மூட்டை. எம்.சாண்ட் 56 கன அடி, ஜல்லி 112 கன அடி, சேதாரத்துக்குக் கொஞ்சம் கூட. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டால், "40 மூட்டை ஆச்சு" என்று பில் வந்தாலும் கேட்கலாம், 18 மூட்டையில் முடித்துவிட்டாலும் கேட்கலாம். ஒவ்வொரு மூட்டை பிரிக்கும்போதும் நோட்டில் ஒரு கோடு போட்டோம். கடைசியில் 30 கோடு இருந்தது.

சிமெண்ட் மூட்டையில் எந்த வாரம், எந்த வருஷம் அடைத்தது என்று அச்சடித்திருக்கும். மூன்று மாசத்துக்கு மேலே ஆனதை வாங்கவே கூடாது. நம்ம ஈரக்காற்றில் அதற்கு முன்னாலேயே கட்டி தட்டும். கையை உள்ளே விட்டுப் பாருங்க, கட்டியாக இருந்தால் திருப்பிக் கொடுத்திடுங்க. நாங்க வாங்கினது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட். தூத்துக்குடி மாதிரி அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரித்த சாம்பல் அதில் இருக்கும். "சாம்பல் கலந்தால் கலப்படமா?" என்று ஒரு லாத்தா கேட்டாங்க. இல்லை. அது முறைப்படி கலப்பது. உப்பு உள்ளே நுழைகிற ஓட்டைகளை அது அடைக்கும். கடலோரத்துக்கு நல்லது. ஒன்றே ஒன்று, அது மெதுவாக இறுகும். கூடுதல் நாள் தண்ணி கேட்கும்.

எம்.சாண்டை ஒரு பாட்டிலில் போட்டுத் தண்ணி விட்டுக் குலுக்கி வையுங்க. அரை நாளில் மணல் கீழே படிந்து தூசி மேலே படியும். தூசி மெல்லிசாக இருக்கணும். கனமான படலமாக இருந்தால் அந்த லோடு வேண்டாம் என்று சொல்லிடுங்க. கடற்கரை மணலை ஒரு சட்டி கூட உள்ளே விடாதீங்க. பக்கத்தில் கிடக்குது, சும்மா கிடைக்குது என்று வேலைக்காரர் எடுக்கப் பார்ப்பார்.

தண்ணியின் அளவுதான் சண்டை வந்த இடம். மூட்டைக்கு 25 லிட்டர். இந்த மாதிரிக் கலவைக்கு அந்த விதிப் புத்தகமே 30 லிட்டர்தான் உச்ச வரம்பு என்று சொல்லுது. நாங்க வாளியில் ஆணியால் கோடு கிழித்து வைத்து அளந்து ஊற்றினோம். கொத்தனார் அண்ணன், "இன்னும் ஒரு வாளி ஊத்தும்மா, கரண்டி ஓடமாட்டேங்குது" என்றார். தண்ணி கூடினால் அவருக்கு வேலை சுலபம். ஆனால் கூடுதல் தண்ணி பிறகு ஆவியாகிப் போகும்போது, அது இருந்த இடமெல்லாம் நுண்ணிய ஓட்டை ஆகிடும். அந்த ஓட்டை வழியாகத்தான் உப்பு உள்ளே போகும். அண்ணனுக்கு மரியாதையாகவே சொன்னோம்: "கரண்டி ஓடாட்டியும் பரவாயில்லை அண்ணே, கட்டையால் தட்டிக் கொடுங்க." அவரும் கேட்டுக்கொண்டார். கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாக நிற்கணும், விரல் சந்தில் தண்ணி ஒழுகக் கூடாது. அது எங்க அளவு.

கலந்ததை அரை மணிக்குள் போட்டிடணும். டீ குடிக்கப் போய் வந்து, இறுகின கலவையில் தண்ணி ஊற்றிக் கிளறக் கூடாது. கச்சான் காற்று பலமாக வீசுகிற நாளில் போடவே வேண்டாம். மேல்பக்கம் காய்ந்து, அன்றைக்கே முடி மாதிரி வெடிப்பு ஓடும். நாங்க காற்று ஓய்ந்த நாள் பார்த்து விடியக்காலையிலேயே ஆரம்பித்தோம்.

மேலே சிமெண்ட் தூவித் தேய்த்துப் பளபளப்பு ஆக்கக் கூடாது. அந்தத் தோல்தான் முதலில் உரியும், அதில்தான் வழுக்கும். கட்டையால் தேய்த்து, தண்ணி மினுமினுப்பு அடங்கினதும், ஈர்க்கு விளக்குமாற்றால் நடக்கிற திசைக்குக் குறுக்கே ஒரே இழுப்பாக இழுத்தோம். சொரசொரப்பாக இருக்கு. மீன் தண்ணி பட்டாலும் கால் பிடிக்குது. எந்த மிஷினும் வேண்டாம், நம்ம வீட்டு விளக்குமாறு போதும்.

கான்கிரீட் இறுகும்போது சுருங்கும். சுருங்கினால் எங்கேயாவது வெடிக்கத்தான் செய்யும். வெடிக்காமல் தடுக்க முடியாது, வெடிக்கிற இடத்தை நாம முடிவு பண்ணலாம். அதற்குத்தான் 6 அடிக்கு ஒரு வெட்டு. 6-க்கு 6 சதுரமாகப் 10 கட்டம் வந்தது. வெட்டின் ஆழம் கனத்தில் கால் பங்கு. 4 இஞ்சுக்கு 1 இஞ்ச், 6 இஞ்சுக்கு ஒன்றரை இஞ்ச். இந்தப் பாதையில் கீறல் விழுந்தால் அந்த வெட்டுக்குள்ளேயே மறைந்து இருக்கும்.

இனிமேல் சொல்வதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. சிமெண்ட் "காயுது" என்று நாம எல்லாரும் சொல்றோம். அது தப்பு. சிமெண்ட் காய்ந்தால் செத்துப் போகும். தண்ணியைக் குடித்துத்தான் அது இறுகும். தண்ணி இருக்கிற வரைக்கும் பலம் ஏறும். தண்ணி நின்றால் பலமும் அங்கேயே நிற்கும். சாதாரண சிமெண்டுக்கு 7 நாளாவது நனைத்து வைக்கணும், நம்ம மாதிரி வெயிலும் காற்றும் உள்ள இடத்தில் 10 நாள், சாம்பல் கலந்த சிமெண்ட் என்றால் 14 நாள். இதெல்லாம் அந்த விதிப் புத்தகத்தில் இருக்கு. பழைய பாதைக்கு எத்தனை நாள் தண்ணி ஊற்றினாங்க? சாயங்காலம் பணத்தை வாங்கிப் போனவங்க திரும்பி வரவே இல்லை. ஒரு நாள் கூட ஊற்றலை.

தண்ணிக்கு எங்கே போறது என்று கேட்பீங்க. குடிக்கிற தண்ணிக்கே குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊர் நம்ம ஊர். "பக்கத்தில்தானே கடல், நாலு வாளி எடுத்து ஊத்துங்க" என்று ஒருத்தர் சொன்னார். கூடாது. கலவைக்கும் கூடாது, நனைக்கவும் கூடாது. மேலே உப்புப் படிந்து உரியும், பக்கத்தில் கம்பி இருந்தால் அதையும் கெடுக்கும். நல்ல தண்ணிதான் வேணும்.

கூடத்தை ஒரேயடியாக மூடினால் எல்லாருக்கும் பிழைப்புப் போகும். அதனால் முதலில் கிழக்குப் பாதி 30 அடி, 14 நாள் கழித்து மேற்குப் பாதி 30 அடி என்று போட்டோம். ஒரு பாதி 180 சதுர அடி. பாத்தி கட்டி 1 இஞ்ச் தண்ணி நிறுத்தினால் 425 லிட்டர் வேணும், அதாவது 28 குடம். வெயிலில் நிற்க நிற்க மறுபடியும் ஊற்றணும். நமக்குக் கட்டாது. அதனால் கோணிச் சாக்கை நல்லா ஊறவைத்து இடைவெளி இல்லாமல் விரித்தோம். அதற்கு மேலே தார்ப்பாயைப் போட்டு ஓரத்தில் கல் வைத்தோம். ஆவி வெளியே போகாது, அடியிலேயே வேர்த்துக்கொண்டு இருக்கும். முதல் நாள் ஊற வைத்ததற்குப் பிறகு காலையில் 2 குடம், சாயங்காலம் 2 குடம் போதுமாக இருந்தது. 14 நாளைக்கு 56 குடம். பதினான்காம் நாள் சாக்கைத் தூக்கினால் அடியில் ஈரம் இருந்தது, ஒரு கீறல் இல்லை.

அந்தக் குடத்தைச் சுமந்தது யார்? நம்ம உறுப்பினர்கள்தான். முறை போட்டுத் தீர்மான நோட்டில் எழுதினோம். ஒரு வேளைக்கு இரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவங்களுக்குப் பதில் லாத்தாமார் வந்தாங்க. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மற்றவங்க பார்த்துக்கொண்டாங்க. பாசி எடுக்கக் கடலுக்குப் போகிற அக்காமார் கரைக்கு வந்து, ஈரப் பாவாடையோடு ஒரு நடை வந்து சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாங்க. 28 நாளில் ஒரு வேளை கூடத் தப்பலை. கொத்தனார் அண்ணனே சொன்னார், இந்த ஊரில் இவ்வளவு தண்ணி குடித்த பாதை இதுதான் என்று.

மூன்றாம் நாள் ஆள் மெதுவாக நடக்கவிட்டோம். 14 நாளைக்குப் பிறகு தள்ளுவண்டி. குட்டியானையை 28 நாளைக்கு மேலே ஏறவிடவே இல்லை. டிரைவர் தம்பிமார் கொஞ்சம் கோபப்பட்டாங்க. பாதை முழுப் பலத்துக்கு வர 28 நாள் கணக்கு என்று சொல்லிப் புரியவைத்தோம்.

போட்டு முடித்துப் போன ஐப்பசி, கார்த்திகை மழையையும் பார்த்தாச்சு. தண்ணி எங்கேயும் தேங்கலை. மணிக்கட்டு முறிந்த அதே அக்கா இப்போ அந்தப் பாதையில்தான் தலைச்சுமையோடு வந்து போறாங்க.

சிலர் பேவர் பிளாக் போட்டிருக்கலாமே என்று கேட்டாங்க. நல்ல கேள்விதான். குடிநீர்க் குழாய்க்கு அடிக்கடி தோண்டுகிற கடைத்தெருவில் பேவர் பிளாக் வசதி. எடுத்துவிட்டுத் திரும்பப் பதிக்கலாம். ஆனால் நம்ம கூடத்து வாசலில் தினமும் மீன் தண்ணி விட்டுக் கழுவுறோம். கல்லுக்கு நடுவில் இருக்கும் மணல் கரைந்து போகும், இடுக்கில் தண்ணி நின்று நாறும். இடத்துக்கு ஏற்றதைப் போடணும். எதைப் போட்டாலும் அடித்தளத்துக்குத் திமிசு வேணும், அது மாறாது.

இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். கட்டட வேலையில் நம்ம பொம்பளைங்க காலம் காலமாக இருக்கோம். சித்தாளாக. ஜல்லி சுமக்கிறது நாம், கலவை சுமக்கிறது நாம், தண்ணி ஊற்றுகிறது நாம். கரண்டி மட்டும் நம்ம கைக்கு வரமாட்டேங்குது, அதனால் கூலியும் குறைச்சல். ஜார்க்கண்ட் மாநிலத்தில் கழிப்பறை கட்டுகிற திட்டத்தில் பெண்களுக்குக் கொத்து வேலை பழக்கினாங்க. அவங்களை "ராணி மிஸ்திரி" என்று கூப்பிடுறாங்க. கேரளாவில் குடும்பஸ்ரீ பெண்கள் குழுவாகச் சேர்ந்து வீடே கட்டுறாங்க. அவங்களும் நம்மை மாதிரிக் குழுவில் சேமித்துக் கடன் வாங்கினவங்கதான். நம்ம இந்த 60 அடியில் மட்டம் பார்த்தது, பெட்டி அளந்தது, விளக்குமாறு இழுத்தது, வெட்டுப் போட்டது எல்லாத்திலும் நம்ம சித்தாள் அக்காமார் கை இருக்கு. ஒரு கொத்தனார் அண்ணன் மேற்பார்வைக்கு இருந்தால் அடுத்த பாதையை அவங்களே போடுவாங்க என்று எனக்கு நம்பிக்கை இருக்கு.

அதனால் பொதுக்குழுவுக்கு மூன்று விண்ணப்பம் வைக்கிறேன்.

ஒன்று: நம்ம கூட்டமைப்புப் பணத்தில் எந்தக் கான்கிரீட் வேலை நடந்தாலும், ஐந்து உறுப்பினர் கொண்ட குழு கூட நிற்கணும். அடித்தளத்தை அவங்க மிதித்துப் பார்த்துச் சரி என்று நோட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கலவை இறங்கணும்.

இரண்டு: கடைசித் தவணைப் பணத்தை, 14 நாள் தண்ணி ஊற்றி முடித்துச் சாக்கை எடுத்துப் பார்த்த பிறகுதான் கொடுக்கணும். இதை வேலை ஒப்பந்தத்திலேயே எழுதிடணும். அன்றைக்குச் சாயங்காலமே பணத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் யாரைத் தேடுறது?

மூன்று: சித்தாள் வேலைக்குப் போகிற நம்ம உறுப்பினர்களில் விருப்பம் உள்ளவங்களுக்குக் கொத்து வேலைப் பயிற்சி கேட்டு, வட்டார அலுவலகத்துக்குத் தீர்மானம் போட்டு அனுப்பணும். சாரும் மேடமும் இங்கேயே இருக்கிறதால் இப்பவே கேட்டுக்கொள்கிறேன்.

கிராம சபையிலும் நாம வாயைத் திறக்கணும். தெருவுக்குப் பாதை வருது என்றால், "எத்தனை இஞ்ச் கனம்? எந்த மணல்? எத்தனை நாள் தண்ணி?" இந்த மூன்று கேள்வியைக் கேளுங்க. கேட்கிறவங்க இருக்காங்க என்று தெரிந்தாலே வேலை ஒழுங்காக நடக்கும்.

கடைகளுக்கு முன்னால போடப் போகிற பாதைக்கு வருகிற வாரமே முறை எழுத ஆரம்பிக்கிறோம். கூட்டம் முடிந்ததும் நோட்டு என்னிடம் இருக்கும். பெயர் கொடுக்கிறவங்க கொடுத்துட்டுப் போங்க. வீட்டில் பழைய கோணிச் சாக்கு இருந்தாலும் மறக்காமல் கொண்டு வாங்க.